தாலி கட்டும்வரை பழைய மொடெம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வதுதான் முறை. ஆனால் டோர்செட் பார்க் அடுக்குமாடி ஒன்றின் பதினோராம் மாடியில் கற்பூரம் கொளுத்தினால் புகைமணி அலறும், கட்டடம் முழுக்கப் படியிறங்கும், தீயணைப்பு வண்டிகள் வரும், கடைசியில் சத்தியத்தைக் கேட்க ஆளிருக்காது. ஆகவே வாயால் மட்டும் சொல்லப்படுகிறது: கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை.

ஆனி மாதத்து மாலை வெய்யில் பல்கனிக் கண்ணாடியைத் தாண்டி வரவேற்பறை வரைக்கும் வந்து கிடந்தது. கமலாம்பிகை சாப்பாட்டு மேசையில் ஒரு துவாயை விரித்து, அதன் மேல் பழைய லப்டொப்பைக் குப்புறக் கிடத்தி, மூக்குக்கண்ணாடிக்கென்று வாங்கிய சின்ன ஸ்குறூ ட்ரைவரால் அதன் அடிமூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில், சாய்கதிரையில், பட்டு வேட்டியும் சால்வையும் சந்தனப் பொட்டுமாக அவளுடைய கணவர் இரத்தினவேலர் இருந்தார். அவர் செத்து, ஒரு தேத்தண்ணி ஆறும் நேரம் ஆகியிருந்தது.

"பிள்ளை, நீ செய்யிறது முறையே?" என்றார் மோகனசுந்தரம். கமலாம்பிகையின் தமையன். பார்க்டேலிலிருந்து இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் ஏறிக் கலியாணம் பார்க்க வந்தவர்.

"அண்ணை, வெளிச்சத்தை மறைக்காதையுங்கோ. தள்ளி நில்லுங்கோ."

"அம்மா, ஐ கான்ட் டூ திஸ். என்னாலை ஏலாது," என்றான் மகன் மிதுனன்.

"உன்னை ஆர் செய்யச் சொன்னது? நீ போன் லைற்றைப் பிடி. நேராய்ப் பிடி."

முதலாவது திருகாணி துவாயில் விழுந்தது.

அந்த லப்டொப்புக்கு வரலாறு உண்டு. இரத்தினவேலர் ஒஷாவாவில் ஒரு சாமான் கிடங்கில் காவல் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. கிடங்கில் இன்ரநெற் இல்லை. அதனால் வயிற்றுக்குள்ளேயே மொடெம் வைத்து, பற்றறிக்குக் கீழே சிம் போடுகிற வகையாகத் தேடி எடுத்தார். பிறகு வேலையை விட்டார், முழங்காலை மாற்றினார், கண்ணில் வில்லை மாற்றினார். லப்டொப்பை மாற்றவில்லை. மிதுனன் வீட்டுக்கு வைஃபை எடுத்துக் கொடுத்தபோது, "காத்தில வாறதை நம்பேலாது. என்ர மொடெம் உள்ளுக்கை கிடக்கு," என்று சொல்லிவிட்டார். சிம்முக்கும் எல்லாம் காற்றில்தான் வருகிறது என்று ஒருவர் மட்டும் அவருக்கு எடுத்துச் சொன்னார். அது மோகனசுந்தரம். அந்தத் தைப்பொங்கல் முழுக்க மச்சான்மார் இருவரும் கதைக்கவில்லை.

மொடெமோ பழசு. அவசரம் என்பது அதற்குத் தெரியாத சங்கதி. சித்திரை வருசத்துக்கு இரத்தினவேலர் சொன்ன வாழ்த்து, ஆடிப்பிறப்பன்று கூழ் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது, கடல் தாண்டிச் சொந்த ஊரான கோண்டாவிலுக்குப் போய்ச் சேர்ந்தது. வீடியோக் கோலில் அவருடைய படம் போனால் போன இடத்தில் நின்றுவிடும். வாய் பாதி திறந்து, கண் பாதி மூடி. கோண்டாவிலில் அவருடைய காலஞ்சென்ற தம்பியின் மனைவி யோகமலர் அதற்குப் பழகிவிட்டாள். ரீவியில் அத்தானை நிற்கவிட்டு முற்றம் கூட்டி, தேங்காய் திருவி, முழுகி வருவாள். அத்தான் அதே வாயோடு இருப்பார். ஒருமுறை பல்லி ஒன்று ரீவியில் ஊர்ந்து வந்து அவருடைய மூக்கில் குந்தியது. டோர்செட் பார்க்கில் இரத்தினவேலர் அடுக்கடுக்காகத் தும்மினார்.

இன்னொரு வெள்ளிக்கிழமை யோகமலர் சாமிப் படங்களுக்கு விபூதி பூசிய கையோடு, நின்றுபோயிருந்த அத்தானின் நெற்றியிலும் மூன்று குறி இழுத்துவிட்டாள். இங்கே குளித்துவிட்டு வெறும் நெற்றியோடு இருந்த மனிதர் சாப்பாட்டுக்கு விபூதியோடு வந்தார். இதற்குச் சாட்சி மோகனசுந்தரம். அவர் பொய் சொல்லமாட்டார். அதற்கு வேண்டிய கற்பனை அவரிடம் இல்லை.

யோகமலருக்கு ஒரே பிள்ளை, நிலாணி. தகப்பன் போனபோது அவளுக்குப் பல்லும் முளைக்கவில்லை. அன்றிலிருந்து பெரியப்பாதான் அவளுக்குத் தகப்பன். போனிலும், பிறகு ரீவியிலும், வாய் பாதி திறந்தபடி ஒரு தகப்பன். அவளுடைய கலியாணம் இரண்டு தரம் நின்றுபோனது. முதல் தரம் மாப்பிள்ளைக்குத் தாத்தா முறையான பேரனார் ஒருவர் கண்ணை மூடினார். இரண்டாம் தரம் லண்டனில் நிலாணிக்குச் சித்தப்பா முறையான ஒருவர். அவரைக் கோண்டாவிலில் ஒருவரும் கண்டதில்லை. சாவுத் தீட்டான துடக்கு மட்டும் விமானம் ஏறி வந்தது. அதை ஏற்றி அனுப்பியவர் மோகனசுந்தரம். எங்கே ஆர் செத்தாலும் முதல் போன் கோல் அவருடையதுதான். லண்டன்காரர் செத்த செய்தியை லண்டன்காரரின் வீட்டுக்கே அவர்தான் முதலில் சொன்னார் என்று ஒரு பேச்சும் உண்டு.

அன்றைக்கு இரத்தினவேலர் லப்டொப்புக்கு முன்னால் எழுந்து நின்று, பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டுமளவுக்குக் கத்தினார்:

"செத்தவன் செத்திட்டான்! நீங்கள் தாலியைக் கட்டுங்கோடா!"

திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் கோண்டாவிலுக்குப் போகவேயில்லை. கலியாணம் நின்றுபோனது.

இப்போது மூன்றாம் நாள் குறித்தாயிற்று. ஆனி முடிந்தால் ஆடி, ஆடியில் தாலி கட்டுவதில்லை. அதற்குப் பிறகு மாப்பிள்ளை லீவு முடிந்து நோர்வேக்குப் போய்விடுவான். 'இந்தத் தரமும் நிண்டால் நாங்கள் வேற இடம் பாப்பம்' என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் டொக்டர் இரத்தினவேலரின் ஈரல் படத்தைத் தூக்கிப் பிடித்து, ஆனியைக் காண்பது சந்தேகம் என்றார்.

"ஆனி முடிய எண்டால் எனக்குச் சம்மதம்," என்றார் இரத்தினவேலர். மருந்து தலைக்கு ஏறிவிட்டது என்று டொக்டர் நினைத்தார். ஆஸ்பத்திரியில் படுக்கமாட்டேன் என்று இரத்தினவேலர் வீட்டுக்கு வந்தார். வந்த அன்றே கமலாம்பிகையைக் கூப்பிட்டார்.

"இஞ்சேரும். நான் இடையில போயிட்டனெண்டால், தாலி ஏறுமட்டும் நீர் வாய் திறவாதையும். பெரியப்பன் செத்தால் துடக்கு, அவள் யோகமலர் நெருப்பு மாதிரி முறை பாக்கிறவள். துடக்கில்லையெண்டு ஐயர் சொன்னாலும் மாப்பிள்ளைப் பகுதி எழும்பிப் போடும். அழுறதெண்டாலும் தாலி ஏறிப் பேந்து அழும்."

"உந்தக் கதையை விடுங்கோ."

"விட்டிட்டன். நீர் விடாதையும்."

அடுத்ததாக மிதுனனைக் கூப்பிட்டு மொடெமை மாற்றச் சொன்னார்.

"அப்பா, அது பதினைஞ்சு வருசப் பழசு. நான் டப்லெற் வாங்கித் தாறன். பிரான்ட் நியூ."

"எனக்குள்ளை மாத்த ஒண்டுமில்லையெண்டு டொக்டர் கையை விரிச்சிட்டான். உதுக்குள்ளை மாத்த இடமிருக்கு. மாத்து. தாலி கட்டேக்கை படம் நிக்கக் கூடாது. நான் தாலியையும் பாக்கவேணும், பிள்ளையின்ர முகத்தையும் பாக்கவேணும்."

மிதுனன் வேகமான மொடெம் அட்டை ஒன்றை வாங்கி வந்து போட்டான். லப்டொப் எழும்ப மறுத்தது. அனுமதியில்லாத அட்டை ஒன்று உள்ளே இருக்கிறது, அதை வெளியே எடு என்று கறுப்புத் திரையில் எழுதிக் காட்டியது. இரத்தினவேலர் கைதட்டிச் சிரித்தார். "பாத்தியே, முறை பாக்குது! மோகனசுந்தரம் வளர்த்த லப்டொப் போலக் கிடக்கு." கெனடி வீதியில் கம்ப்யூட்டர் திருத்தும் மரியோ என்பவர்தான், அந்தக் கொம்பனி தன்னுடையது என்று ஏற்றுக்கொள்ளும் அட்டையைத் தேடிக் கொடுத்தார். அது வந்தது கலியாண நாளன்றுதான்.

மத்தியானம் இரத்தினவேலர் சாய்கதிரையில் இருந்தபடி உத்தரவு போட, மிதுனன் மேசையில் வைத்து மாற்றினான். அட்டை தீப்பெட்டி அளவு. அதில் இரண்டு வயர்கள், சட்டைப் பொத்தான் போல அழுத்திக் கொளுவுகிற மாதிரி. ஒன்று சிவப்பு, மற்றது நீலம்.

"சிவப்பு பொம்பிளை, வலப்பக்கம். நீலம் மாப்பிள்ளை, இடப்பக்கம்," என்றார் இரத்தினவேலர். "மாறி இருத்தினியோ, கலியாணம் நடவாது." கமலாம்பிகை மருந்துக் குளிசைகளைப் பிரித்து வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பழசை எறியட்டோ அப்பா?"

"எறியாதை! உதுக்குள்ளை நான் கத்தினதெல்லாம் கிடக்கு." அவர் அதை வாங்கித் தன் பல்லுச் செற் வைக்கும் டப்பாவுக்குள் போட்டு மூடினார்.

புது மொடெமின் வேகத்தைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஆனால் சத்தியம் செய்தாயிற்று. கோண்டாவிலில் விடியப்புறம், இங்கே மாலை. யோகமலர் கேள்வியைக் கேட்க வாயெடுக்க முதலே இங்கிருந்து பதில் போனது. மண்டபத்தில் பெரிய திரை கட்டிப் பெரியப்பாவைக் காட்டியிருந்தார்கள். யோகமலர் திரைக்குக் கிட்ட வந்து வாயில் கை வைத்தாள்.

"அத்தான்! நீங்கள் கண் இமைக்கிறியள்!"

"இவ்வளவு நாளும் இமைச்சனான்தான். உங்களுக்கு வந்து சேரயில்லை. அது கிடக்கட்டும், வாசல் வாழை ஒண்டு சரிஞ்சு நிக்குது. நிமித்தச் சொல்லு."

உண்மையாகவே சரிந்துதான் நின்றது. அங்கே நின்றவர்களுக்கு அதுவரை தெரியவில்லை. கூறை உடுக்கப் போகுமுன் நிலாணி ஓடி வந்தாள்.

"பெரியப்பா, நீங்கள் பாத்துக்கொண்டிருந்தாத்தான் நான் மணவறைக்கு வருவன். சொல்லிப்போட்டன்."

"நான் எங்கை போறன்? தாலி கட்டுமட்டும் இந்தக் கதிரையை விட்டு அசையமாட்டன். போ, போய்ச் சீலையை உடு."

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார்.

"கமலம், ஒரு தேத்தண்ணி தாரும்," என்றார். "சீனி போட்டுத் தாரும். இண்டைக்கு டொக்டர் இல்லை."

கமலாம்பிகை தேத்தண்ணி போட்டாள். சீனி அள்ளிப் போட்டாள். கோப்பையோடு திரும்பி வந்தவள் சாய்கதிரைக்குச் சற்று இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். அவருடைய வாய் பாதி திறந்து, கண் பாதி மூடி இருந்தது. இத்தனை வருடங்களாகக் கோண்டாவில் பார்த்த முகம். அவள் அதை இப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

முதல் வேலையாக லப்டொப்பை மூடினாள். பிறகு கோப்பையைச் சிறிய மேசையில் வைத்துவிட்டு, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பல்கனியில் நின்ற மிதுனனும் மோகனசுந்தரமும் உள்ளே வந்தார்கள். மோகனசுந்தரத்தின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்ப் போனை எடுத்தது.

"அண்ணை. போனை வையுங்கோ."

"கோண்டாவிலுக்குச் சொல்லவேணும் பிள்ளை. மறைக்கேலாது. செத்த வீட்டிலை நிண்டுகொண்டு கலியாண வீட்டோட கதைக்கிறதோ? துடக்கெல்லோ?"

"கேட்டாத்தானே துடக்கு."

"ஊர் என்ன சொல்லும்?"

"ஊருக்கு நீங்கள் சொன்னாத்தான் ஊர் சொல்லும். தாங்கோ போனை."

அறுபது வருடமாக அண்ணனுக்கு மறு பேச்சுப் பேசாத தங்கை கையை நீட்டிக்கொண்டு நின்றாள். மோகனசுந்தரம் கொடுத்துவிட்டார், ஏன் கொடுத்தார் என்று பிறகும் அவருக்கு விளங்கவில்லை. கமலாம்பிகை அதைக் குசினிக்குக் கொண்டுபோய், அரிசி வாளியைத் திறந்து, முழங்கை மட்டும் கையை விட்டு, அடியில் புதைத்து மூடிவிட்டு வந்தாள். வந்து அந்தத் தேத்தண்ணியை எடுத்து, சீனிக் கரைசல் வரைக்கும், தானே குடித்தாள்.

"வீட்டுக்கு வாற நர்சுக்குக் கோல் பண்ணவேணும் அம்மா," என்றான் மிதுனன்.

"பண்ணுவம். தாலி ஏறட்டும்."

அப்போதுதான் அவளுடைய போன் அடித்தது. யோகமலர்.

"அக்கா! என்ன திடீரெண்டு படம் போயிட்டுது? ஐயர் பொம்பிளையைக் கூட்டிவரச் சொல்லுறார். இவள் பெரியப்பாவைக் காணாமல் அறையை விட்டு வெளிக்கிடமாட்டன் எண்டு நிக்கிறாள். கெதியா அத்தானைக் காட்டுங்கோ."

"சிக்னல் இல்லை யோகு. கொஞ்சம் பொறு. வாறார்."

"அவருக்கு ஒண்டுமில்லைத்தானே அக்கா?"

கமலாம்பிகை சாய்கதிரையைப் பார்த்தாள். "அவர் அசையாமல் இருக்கிறார்," என்று சொல்லிப் போனை வைத்தாள். அதில் பொய் இல்லை.

காட்டாவிட்டால் பெண் வரமாட்டாள். காட்டினால், புது மொடெம் அவரை மூச்சில்லாத மூக்கு வரைக்கும் கழுவித் துடைத்த மாதிரிக் கொண்டுபோய் மண்டபத்தின் பெரிய திரையில் வைக்கும். கண் இமைக்கிறாரா என்று முழு ஊரும் பார்த்துக்கொண்டிருக்கும். புது மொடெமில் அசையாத மனிதர் செத்த மனிதர். பழைய மொடெமில் அசையாத மனிதர் இரத்தினவேலர்.

அவள் பல்லுச் செற் டப்பாவையும் ஸ்குறூ ட்ரைவரையும் எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தது அப்படித்தான்.

கடைசித் திருகாணியும் கழன்று, அடிமூடி வந்தது. கமலாம்பிகை புது அட்டையின் இரண்டு வயர்களையும் நகத்தால் நெம்பி எடுத்தாள். பழைய அட்டையைச் சரித்துச் செருகி, அழுத்தி, திருகாணியைப் பூட்டினாள். சிவப்பு பொம்பிளை, வலப்பக்கம். நீலம் மாப்பிள்ளை, இடப்பக்கம். இரண்டும் 'டக்' என்று இருந்தன.

"நான் ஒண்டும் காணயில்லை," என்று மோகனசுந்தரம் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"அதுதான் நல்லது அண்ணை. அப்பிடியே நில்லுங்கோ."

லப்டொப் இருமி, முனகி, ஒரு மாதிரி எழும்பியது. கமலாம்பிகை அவருடைய சால்வையை நேராக்கினாள், தலைக்குப் பின்னால் ஒரு தலையணையை வைத்தாள், லப்டொப்பை அவருக்கு முன்னால் திருப்பினாள். வட்டம் சுற்றியது. சுற்றியது. பிறகு நின்றது.

கோண்டாவிலில் மண்டபம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு மட்டும் முழுசாக இங்கே வந்து சேர்ந்தது.

"அய்யோ, பெரியப்பா பழையபடி நிண்டிட்டார்!" நிலாணியின் குரல். "சரி, சரி, இப்பதான் எங்கட பெரியப்பா. வாறன், வாறன்."

வந்தாள் என்றுதான் சொல்லவேண்டும். இங்கே வந்தது துண்டு துண்டாக: ஒரு கால் கொலுசு, ஒரு முழம் கூறை, யாரோ ஒருவரின் முதுகு, ஒரு குத்துவிளக்கு. கமலாம்பிகை கதிரையின் கைப்பிடியில் உட்கார்ந்து, அவருடைய தோளில் கை போட்டுக்கொண்டு பார்த்தாள். கலியாணமான இத்தனை வருடத்தில், ஆட்களுக்கு முன்னால் அவள் அப்படி இருந்ததில்லை.

ஐயர் தாலியை ஆசீர்வாதத்துக்குச் சபையில் கொடுத்தனுப்பினார். தட்டம் சுற்றி வந்தது. அப்போது மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் திரைக்குக் கிட்ட வந்து நின்று, கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

"உவருக்குச் சுகமில்லையோ? ஆளின்ர நிறம் ஒரு மாதிரிக் கிடக்கு."

"அது மொடெம்," என்றாள் கமலாம்பிகை.

"மொடெம் நிறத்தை மாத்துமோ?"

"உது மாத்தும். பழசு."

பெரியவர் அசையவில்லை. தட்டம் அவருக்குப் பின்னால் வந்து நின்றது. நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்தினார். யோகமலர் முன்னால் வந்தாள். அவளுடைய முகம் இந்த நேரம் பார்த்துத் தெளிவாக வந்தது.

"அக்கா," என்றாள் மெதுவாக. "அத்தானை ஒரு சொல்லுக் கதைக்கச் சொல்லுங்கோ. ஒரே ஒரு சொல்லு. அது போதும்."

வரவேற்பறையில் குளிர்சாதனப் பெட்டியின் முனகல் கேட்டது. மிதுனன் கண்ணை மூடிக்கொண்டான். சுவரைப் பார்த்து நின்ற மோகனசுந்தரம் திரும்பினார். அவருடைய வாய் திறந்தது. சொல்லப்போகிறார் என்று கமலாம்பிகைக்குத் தெரிந்தது. அந்த வாய் எப்போது எதற்காகத் திறக்கும் என்று அவளுக்குப் பிறந்த நாளிலிருந்து தெரியும். அவள் அண்ணனைப் பார்த்தாள். அவள் அழவில்லை, கெஞ்சவுமில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

மோகனசுந்தரம் வாயை மூடினார்.

அந்த நேரம் லப்டொப்பின் வயிற்றுக்குள் ஏதோ கரகரத்தது. பழைய அட்டைக்குள் மாதக்கணக்காக அடைபட்டுக் கிடந்தது ஒன்று கனைத்து, முட்டி, வழி கண்டுகொண்டது. முதல் பாதியை வழக்கம்போல மொடெம் தின்றுவிட்டது. மிச்சம் கோண்டாவில் மண்டபத்தின் நாலு ஒலிபெருக்கியிலும் போய் இறங்கியது:

"—தாலியைக் கட்டுங்கோடா!"

பெரியவர் இரண்டடி பின்னால் போனார். மண்டபத்துக் கூரையில் இருந்த புறாக்கள் எழும்பின. "கேட்டுதோ?" என்று நிலாணி மணவறையிலிருந்தே கத்தினாள். "பெரியப்பா சொல்லிட்டார்! கட்டுங்கோ!" ஐயருக்கு மந்திரம் ஒரு வரி தவறி, அடுத்த வரியில் பிடித்துக்கொண்டார். கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளையின் கை ஒரு துண்டு, நிலாணியின் கழுத்து ஒரு துண்டு, முடிச்சு ஒரு துண்டு என்று வந்து, முடிச்சிலேயே படம் நின்றது. இந்த ஒருமுறை சரியான இடத்தில் நின்றது.

மிதுனன் தகப்பனுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். மோகனசுந்தரம் கதிரை ஒன்றைத் தேடி உட்கார்ந்து, "மச்சான்," என்றார்.

அங்கே எல்லோரும் மஞ்சள் அரிசியும் அறுகம்புல்லுமாக மணமக்களுக்கு அறுகரிசி போட்டார்கள். நெற்றி, தோள், முழங்கால் என்று முறைப்படி. கடைசியில் யோகமலர் தட்டத்தில் மிஞ்சியதை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு திரைக்கு முன்னால் வந்தாள்.

"அத்தான், நீங்கள் போடவேண்டியது. நான் உங்களுக்குப் போடுறன். கோவிக்காதையுங்கோ," என்று சொல்லி, திரையில் தெரிந்த அவருடைய தலையில் தூவினாள்.

கமலாம்பிகை லப்டொப்பை மெதுவாக மூடினாள்.

அரிசி வாளிக்குள் போன் ஒன்று அதிர்ந்துகொண்டிருந்தது. ஆரோ கலியாணம் முடிந்த செய்தியை மோகனசுந்தரத்துக்குச் சொல்லத் துடிக்கிறார்கள்.

"இப்ப கோண்டாவிலுக்குச் சொல்லலாமோ பிள்ளை?" அவர் இப்போது கேட்டுத்தான் செய்தார்.

"பந்தி முடியட்டும் அண்ணை. வெறும் வயித்தோட ஆக்களை அழ விடக்கூடாது. பேந்து நீங்களே சொல்லுங்கோ. உங்களை விட ஆர் வடிவாச் சொல்லப் போயினம்?"

மிதுனன் நர்சின் நம்பரைத் தேடிக்கொண்டு அறைக்குள் போனான். வெய்யில் தரை விரிப்பிலிருந்து ஏறி இரத்தினவேலரின் மடிக்கு வந்திருந்தது. சால்வை மடிப்புகளில் மஞ்சள் பட்ட அரிசியும் அறுகம்புல் நுனிகளும் சிதறிக் கிடந்தன. ஒரு அரிசி மணி, பாதி திறந்த வாயின் கீழுதட்டில் ஒட்டியிருந்தது. மோகனசுந்தரம் எழுந்து வந்து அதைத் துடைக்கக் கை நீட்டினார்.

கமலாம்பிகை அந்தக் கையைப் பிடித்தாள்.

"இருக்கட்டும் அண்ணை."

சத்தியம் செய்தபடியால் இதையும் சொல்லவேண்டும்: அந்த லப்டொப் கமரா இல்லாத மொடல்.